பொங்கி வழிந்த ஒரு சொல்

மருந்துக் கடையிற் களிம்பு கேட்போர் வாயிலும், பிள்ளையைத் தோளிற் சுமந்து வைத்தியருக்காகக் காத்திருக்கும் தாய்மார் வாயிலும் இந்நாளில் இயல்பாகப் பயிலும் சொற்களுள் ஒன்று ‘எக்சிமா’ என்பது. ஆங்கிலம் அறியாத மூதாட்டியரும் இதனை எளிதாகச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். வழக்கிற் புகுந்து ஊறிப்போன சொல்லாதலின், இஃது எந்நாட்டுச் சொல், யார் இட்ட பெயர், இதன் பொருள் யாது என எண்ணிப் பார்ப்போர் அரியர். வாசக அன்பர் ஒருவர் அண்மையில் எமக்கு எழுதிய கடிதத்தில், ‘எச்சில்’ என்னும் நம் தமிழ்ச் சொல்லே மேனாட்டார் வாயிற் சிதைந்து ‘எக்சிமா’ ஆயிற்று என்று தாம் கருதுவதாகத் தெரிவித்திருந்தார். பிறர் எச்சில் படுவதாலே தொற்றுவது இந்நோய் என்பதும் அவருடைய துணிபு. அன்பரின் தமிழ்ப் பற்றை நாம் மதிக்கின்றோம். ஆயினும், சொல்லின் பிறப்பைப் பற்றுக்கொண்டு தீர்மானித்தல் இயலாது. அவர் கூறிய இரண்டனுள் முதலாவது பிழையாற் கேடு விளைவதற்கு இடமில்லை. இரண்டாவது அத்தகையதன்று. அதனாலேயே இவ்வாரம் இச்சொல்லை எடுத்துக்கொண்டோம்.

எக்சிமா கிரேக்கச் சொல். அதனை மூன்று கூறாகப் பிரித்துக் காணலாம். முன்னே நிற்கும் ‘எக்’ என்பது ‘வெளியே’ எனப் பொருள் தரும் முன்னொட்டு. நடுவே உள்ளது ‘ஸெயின்’ என்னும் வினையின் பகுதி. கொதித்தல், பொங்குதல் என்பன அதன் பொருள். இறுதியில் நிற்கும் ‘மா’ வினையைப் பெயராக்கும் விகுதி. ஒரு தொழில் நிகழ்ந்ததன் விளைவை அது குறிக்கும். மூன்றையும் கூட்டிப் பார்த்தால், ‘கொதித்து வெளிப்பட்டது’ என்பதே சொல்லின் நேர்ப்பொருள். அடுப்பிலேற்றிய பானையிலே நுரை திரண்டெழுந்து விளிம்பைக் கடந்து வழிகின்ற காட்சியை மனத்திற்கொண்டு, அக்காட்சியை மனிதனின் தோலின்மேல் ஏற்றிக் கிரேக்க மருத்துவர் இட்ட பெயர் இது.

இந்த ‘மா’ விகுதி நமக்குப் புதியதன்று. அசைதல் என்னும் வினையிற் பிறந்த ‘கினேமா’வே நம்மவரை மாலைதோறும் வரிசையில் நிறுத்திய ‘சினிமா’வுக்கு வேராயிற்று. செய்தல் என்னும் வினையினின்றும் ‘டிராமா’ பிறந்தது. மூச்சிரைத்தலைக் குறிப்பதே ‘ஆஸ்மா’. வடமொழியிலே ‘கர்மன்’, ‘ஜன்மன்’ என வரும் சொற்களின் ‘மன்’ என்னும் ஈறும், கிரேக்க ‘மா’வும் உடன்பிறந்தவை என்பது மொழிநூலார் முடிபு.

விகுதிக்கு உறவு இருப்பது போலவே பகுதிக்கும் உறவு உண்டு; அவ்வுறவு நம் வீட்டு வாசல்வரை வந்திருக்கின்றது. வடமொழியில் ‘யஸ்’ என்றொரு வினையடி உளது. கொதித்தலும் நுரைத்தலும் அதன் பொருள். உடம்பு வெதும்ப உழைத்தல் என்பதும் அதன் பொருளாகும். அதன் முன்னே ‘பிர’ என்பதைச் சேர்க்கப் ‘பிரயாசம்’ வந்தது. ‘ஆ’ என்பதைச் சேர்க்க ‘ஆயாசம்’ வந்தது. ‘மிகுந்த பிரயாசைப்பட்டுப் படித்தான்’ என்றும், ‘நடந்து வந்த ஆயாசம்’ என்றும் நாம் நாள்தோறும் பேசுகின்றோமே, அச்சொற்களும் கிரேக்கரின் கொதித்தற் சொல்லும் ஒரே அடியிற் கிளைத்தவை. ஆங்கிலத்தில் ‘ஈஸ்ட்’ என வழங்கும், பாண் பொங்குதற்கு மாவிலே சேர்க்கும் பொருளின் பெயரும் அக்கிளைகளுள் ஒன்று. நுரைத்துப் பொங்குவதே அதன் தொழில் அன்றோ? ஆகவே, சொறிந்து சொறிந்து இரவெல்லாம் உறக்கமிழக்கும் பிள்ளையின் எக்சிமாவும், பக்கத்திலிருந்து அதன் கையைப் பற்றிக்கொண்டிருக்கும் தாயின் ஆயாசமும் ஒரு குடும்பத்துச் சொற்கள். இதனை யாரும் திட்டமிட்டு அமைத்தாரல்லர். சொற்கள் தாமாகவே இத்தகைய காரியங்களைச் செய்துவிடுகின்றன.

தோலிலே தோன்றும் நோய்களுக்குப் பெயரிடுகையில் முன்னோர் பெரும்பாலும் கண்ணை நம்பினர். உடம்பெங்கும் செம்புள்ளிகள் எழுவதைக் கிரேக்கர் ‘எக்சாந்தேமா’ என்றனர். ‘மலர்ந்து வெளிப்பட்டது’ என்பது அதன் பொருள். வட்டம் வட்டமாகப் பரவும் ஒரு தோல் நோயை நம்மவர் ‘படர்தாமரை’ என்றனர். தோலிலே மலரைக் கண்ட இவ்விரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் கேட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. மலர் என்றதனால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால், ‘கொதித்து வெளிப்பட்டது’ என்னும் பெயர் அத்தகையதன்று. அது காட்சியைச் சொல்வதோடு நில்லாது காரணத்தையும் சொல்கின்றது. கொதிக்கின்றது என்றால் உள்ளே நெருப்பிருத்தல் வேண்டும். வெளியே வருகின்றது என்றால் உள்ளே அடைபட்டுக் கிடந்தது ஏதோ இருத்தல் வேண்டும். உதிரம், சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்மங்கள் உடம்பில் உள்ளன என்றும், அவை நிலைபிறழ்வதே நோய் என்றும் நம்பிய காலத்தில் இது மிகப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றிற்று.

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏற்றியஸ் என்பார் இச்சொல்லை விளக்கி எழுதிவைத்துள்ளார். தைகிரிஸ் ஆற்றங்கரையில் உள்ள அமிடா என்னும் நகரம் அவர் பிறந்த ஊர். அது துருக்கி நாட்டில் இன்று தியார்பக்கிர் எனப்படுகின்றது. அலெக்சாந்திரியாவிற் கல்வி பயின்று, கொன்ஸ்தாந்திநோப்பிள் அரசவையில் மருத்துவராக விளங்கிய அவர், தமக்கு முன்னிருந்தோர் அறிந்தவற்றையெல்லாம் திரட்டிப் பதினாறு பாகங்கொண்ட பெருநூல் ஒன்றை ஆக்கினார். சூடும் நோவும் உடையனவாய், ஆயினும் புண்ணாகாதனவாய் எழும் கொப்புளங்களை, அவற்றின் கொதிக்கும் வெப்பங் காரணமாக மருத்துவர் இப்பெயரால் அழைத்தனர் என்பது அவர் தரும் செய்தி. பெயர் அவருக்கு முன்னரே வழக்கிலிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

அதன்பின் பல நூற்றாண்டுகள் இச்சொல் நூல்களுள்ளேயே உறங்கிற்று. அதனை எழுப்பித் திட்டமான பொருள் கொடுத்தவர் றொபேட் வில்லன் என்னும் ஆங்கில மருத்துவர். 1757ஆம் ஆண்டு யோக்ஷயரிற் பிறந்த அவர், 1783இல் இலண்டன் கேரி வீதியில் அமைந்த ஏழைகளுக்கான பொது மருந்தகத்தில் மருத்துவரானார். அந்நாளிலே தோல் நோய்களுக்கு வைத்த பெயர்களுக்குக் கணக்கில்லை. ஒருவர் ஒரு பெயராற் குறித்ததை மற்றொருவர் வேறொன்றுக்கு வழங்கினார். வில்லன் தாவரநூலார் செடிகளை வகுக்கும் முறையைப் பின்பற்றினார். நோயின் காரணத்தை ஊகிப்பதை விட்டுவிட்டு, தோலிற் கண்ணுக்குத் தெரிவது யாதென முதலிற் பார் என்பதே அவர் கொள்கை. பருவா, செதிளா, நீர்க்கொப்புளமா, சீழ்க்கட்டியா எனப் பார்த்து எட்டு வகுப்புகளாகப் பிரித்தார். 1808இல் அவருடைய நூலின் முதற்றொகுதி வெளிவந்தது. அதில் நான்கு வகுப்புகளே அடங்கின. எஞ்சியவற்றை எழுதி முடிக்குமுன் உடல் நலங்குன்றி, 1812இல் மதெய்ரா தீவிலே காலமானார். எக்சிமா, அந்தோ, அவர் எழுதாது விட்ட பகுதியிலே கிடந்தது!

ஆசிரியர் விட்டதை மாணவர் முடித்தார். தோமஸ் பேற்மன் 1813இல் வெளியிட்ட நூலில் எக்சிமா சிறு நீர்க்கொப்புளங்களின் வகுப்பில் இடம்பெற்றது. நெருங்கி எழும் நுண்ணிய கொப்புளங்கள், காய்ச்சல் இன்மை என இலக்கணம் வகுத்த அவர், இது பிறரைத் தொற்றாது என்பதையும் அங்கேயே எழுதிவைத்தார். ஈராண்டு மூவாண்டுக்கு முன் எழுதியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது. நம் ஊரில் இன்னும் அச்செய்தி வந்து சேரவில்லை போலும்.

பேற்மனின் நூலில் எம் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொரு பகுதி. எரிக்கும் வெயிலால் எழும் எக்சிமா என ஒன்றைக் கூறினார். இரச மருந்து உட்கொண்டோர்க்கும் பூசிக்கொண்டோர்க்கும் செந்நிறமாய்ப் பரவும் எக்சிமா என மற்றொன்றைக் கூறினார். சீனியைக் கையாளும் பலசரக்கு வியாபாரிகளின் கையில் வருவதையும், சுண்ணாம்பைக் குழைக்கும் கட்டட வேலையாளரின் கையில் வருவதையும் எடுத்துக்காட்டினார். சற்றே நின்று இவ்விடத்தைக் கவனித்தல் வேண்டும். வெயில், சீனி, சுண்ணாம்பு ஆகியன உடம்பினுள்ளே கொதிப்பனவல்ல. வெளியேயிருந்து தோலைத் தாக்குவன. ‘உள்ளிருந்து பொங்கி வழிவது’ என்னும் பெயரைச் சூட்டிய அதே பக்கத்தில், அப்பெயருக்கு மாறான சான்றுகளும் வரிசையாக நின்றன. பெயரோ அவற்றைப் பொருட்படுத்தாது தன் வழியே சென்றது.

அவ்வழி கொடிது. உள்ளிருக்கும் தீயநீர் வெளியேறும் வாயில் தோல் என்று நம்பினால், அவ்வாயிலை அடைத்தல் ஆபத்தென்பதும் அதனோடு வந்துவிடும். தோலிற் கசிவதை மருந்திட்டு உலர்த்தினால் நோய் உள்ளே திரும்பி நெஞ்சையோ மூளையையோ தாக்கும் என்னும் அச்சம் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மருத்துவரிடையே வேரூன்றியிருந்தது. ஓமியோபதி மருத்துவத்தைத் தோற்றுவித்த ஹானிமன் 1828இல் வெளியிடத் தொடங்கிய நூலில், நாட்பட்ட நோய்களுட் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே அமுக்கப்பட்ட சொறியே மூலம் என்று வாதித்தார். முகமெல்லாம் பொருக்காடிக் கண் திறக்கவும் இயலாத கைக்குழந்தைக்கு மருந்திடாதிருத்தலே கருணை எனக் கருதிய மருத்துவர் அக்காலத்தில் இருந்தனர். நாம் அவர்களை ஏளனஞ் செய்தல் முறையன்று. ‘சூடு வெளியே வரட்டும், பூசினால் உள்ளே போய்விடும்’ என்று கூறும் பெரியவர்களை இன்றும் நம் குடும்பங்களிற் காண்கின்றோம். கிரேக்கச் சொல்லின் பொருள் அவர்களுக்குத் தெரியாது. அச்சொல்லைப் படைத்த எண்ணம் மட்டும் அவர்களிடம் உளது.

இந்த எண்ணத்தை அசைத்தவர் வியன்னா நகரப் பொது மருத்துவமனையிற் பணியாற்றிய பெர்டினன்ட் ஹெப்ரா. 1816இல் மொறேவியாவிற் பிறந்தவர். கைகழுவுதலின் மேன்மையைக் கண்ட செமல்வைஸின் முடிபை 1847இல் முதன்முதல் அச்சிற் கொணர்ந்தவரும் இவரே. சொறிநோய் எவ்வாறு வருகின்றது என அறிவதற்குத் தம் தோலிலேயே அதனைப் பற்றவைத்துப் பார்த்த துணிவாளர். எக்சிமாவை ஆராய்கையில் அவர் எடுத்துக்கொண்ட கருவி, நம் நாட்டு வைத்தியர் நன்கறிந்த நேர்வாள எண்ணெய். நலமான தோலிலே அதனைத் தேய்த்தார். முதலிற் சிவந்தது, பின் பருக்கள் எழுந்தன, அவை நீர்க்கொப்புளங்களாயின, உடைந்து கசிந்தன, பொருக்காயின, செதிளாய் உதிர்ந்தன. முன்னோர் வெவ்வேறு நோய்களென வேறுவேறு பெயரிட்டவை ஒரே நோயின் படிகள் என்பது இதனால் விளங்கிற்று. தோலைப் புறத்தேயிருந்து வருத்தினாலே எக்சிமாவின் தோற்றம் முழுவதையும் உண்டாக்கலாம் என்பதும் விளங்கிற்று. தோலுக்கே மருந்திட்டு அவர் நோயாளரைக் குணப்படுத்தினார்; நோய் உள்ளே திரும்பிச் சென்று எவரையும் மாய்க்கவில்லை.

1895இல் ஜாடசோன் என்னும் ஜேர்மானிய மருத்துவர் இன்னும் ஒரு படி சென்று, ஐயத்திற்குரிய பொருளைத் தோலிற் சிறிதளவு ஒட்டிவைத்துப் பார்க்கும் சோதனையை வகுத்துக் காட்டினார். அவர் சோதித்த பொருள் இரசம். பேற்மன் குறித்த அதே இரசம். இன்றும் தோல் மருத்துவர் இம்முறையையே கையாளுகின்றனர். கைக்கடிகாரத்திலுள்ள நிக்கல், சீமெந்திலுள்ள குரோமியம் ஆகியவை பலரிடம் இவ்வாறு பிடிபடுகின்றன. மேசன்மாரின் கை வெடிப்புக்குப் பழைய சுண்ணாம்பின் இடத்தில் இப்போது சீமெந்து வந்து நிற்கின்றது.

இங்கே தமிழ்ப் பெயர்கள் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ‘சொறி’ என்பது நோயின் தன்மையைச் சொல்லவில்லை. நோயாளியின் கை செய்வதைச் சொல்கின்றது. அரிப்பெடுக்கும் யாவும் சொறியே. ‘சிரங்கு’ என்பதும் அவ்வாறே பலவற்றைத் தழுவி நிற்கின்றது. இதனால் விளைவது யாதெனின், இரு வேறு நோய்கள் ஒரு பெயருக்குள் அடைபடுகின்றன. ஒன்று, கண்ணுக்கு அரிதாகத் தென்படும் நுண்ணிய சிற்றுண்ணி தோலைக் குடைந்து வாழ்வதால் வருவது. இத்தாலியரான பொனோமோ 1687இல் அவ்வுண்ணியைப் பற்றி எழுதினார், எவரும் நம்பவில்லை. 1834இல் ரெனுச்சி என்னும் கோர்சிக்கா நாட்டு மாணவர், பாரிஸ் மருத்துவமனை ஒன்றிலே பலர் பார்த்திருக்க, ஊசி முனையால் அதனை எடுத்துக்காட்டிய பின்னரே ஐயம் நீங்கிற்று. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவும். வீட்டார் யாவரும் ஒருங்கே மருந்திடல் வேண்டும். மற்றொன்று எக்சிமா. அதன் கசிவு பட்டாலோ, அப்பிள்ளையின் பக்கத்திலிருந்தாலோ, ஒரே பாயிற் படுத்தாலோ எவருக்கும் எக்சிமா வருவதில்லை. ஆங்கிலத்திலும் இக்குழப்பம் இருந்தது. உண்ணிச் சொறிக்கும் பலசரக்கு வியாபாரியின் கை எக்சிமாவுக்கும் ‘அரிப்பு’ என்னும் ஒரே சொல்லை வழங்கினர். அங்கே கிரேக்கச் சொல் வந்து இரண்டையும் பிரித்துவைத்தது. அவ்வகையில் அது செய்த உதவியை மறத்தல் ஆகாது.

நாம் ஆசிரியத் தொழிலிற் பல ஆண்டுகள் கழித்தவராதலின், இப்பெயர்க் குழப்பம் வகுப்பறையில் என்ன செய்யும் என்பதை அறிவோம். முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தோல் தடித்துக் கறுத்த மாணவன் ஒருவன் இருந்தான். கோடை வெயிலிலும் நீண்ட கைச் சட்டையே அணிந்து வருவான். சக மாணவர் அவன் தொட்ட புத்தகத்தைத் தொடார். வாங்கிலே அவனுக்கு இருபுறமும் இடம் வெறுமையாயிருக்கும். அவனைத் தனியாக இருத்துமாறு வேறொரு பிள்ளையின் தந்தையார் எழுத்திற் கேட்டிருந்தார். ‘சிரங்குக்காரன்’ என்பதே அவனுக்கு இட்ட பெயர். அவன் வீட்டாரிடம் வைத்தியரின் சீட்டு இருந்தது. அதில் எக்சிமா என்று தெளிவாக எழுதியிருந்தது. அச்சொல்லின் பொருள் அறிந்தார் அவ்வகுப்பில் எவருமில்லை. அதனைக் கரும்பலகையில் எழுதி, இஃது ஒட்டாத நோய் என்று விளக்கியபின் வாங்கின் வெறுமை ஒரே நாளில் நிரம்பிற்று எனக் கூறினால் அது பொய்யாகும். சில கிழமைகளுக்குப் பின் ஒருவன் நெருங்கி அமர்ந்தான், பின் மற்றொருவன்.

மருத்துவ உலகிலே பெயர் மாற்றம் தொடர்ந்தது. எக்சிமா உள்ள பிள்ளைகளுட் பலருக்குத் தொய்வு நோயும், தும்மலோடு வரும் பீனிசமும் பின்னர்த் தோன்றுவதையும், அவர்தம் பெற்றோரிடத்தும் அவை இருப்பதையும் மருத்துவர் கண்டனர். அமெரிக்க நாட்டவராகிய கோக்காவும் குக்கும் 1923இல் இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் ஒன்று தேடினர். தாமே படைக்காது கிரேக்க மொழிப் பேராசிரியரான எட்வட் பெரி என்பாரிடம் சென்று கேட்டனர். மொழியாசிரியரைத் தேடி மருத்துவர் வந்த செய்தியை எம்போன்றோர் சற்றுப் பெருமிதத்தோடேயே படிப்போம். அவர் கொடுத்த சொல் ‘அற்றொப்பி’. ‘அ’ என்பது வடமொழி ‘அநீதி’யில் வரும் அதே மறுப்பு, ‘தொப்பொஸ்’ என்றால் இடம். இடத்துக்குப் பொருந்தாதது, விநோதமானது என்பது அதன் பொருள். பிள்ளைகளுக்கு வரும் எக்சிமாவை அப்பெயரோடு இணைத்து 1933இல் வைஸ், சல்ஸ்பேகர் என்னும் இருவர் எழுதினர். கொதிக்கின்றது என்று அறுதியிட்டுச் சொன்ன பழம்பெயரைவிட, ‘இது விநோதமாயிருக்கின்றது’ என்று ஒப்புக்கொண்ட புதுப்பெயரே எமக்கு நேர்மையானதாகத் தோன்றுகின்றது.

அவ்விநோதத்தின் ஒரு பகுதி 2006இல் அவிழ்ந்தது. ஸ்கொத்லாந்து நாட்டு டண்டீ பல்கலைக்கழகத்தாரும் பிறரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில், தோலின் மேற்படையைக் கட்டுறுதியாக்கும் பிலக்ரின் என்னும் புரதத்தை ஆக்கும் மரபணுவிற் பழுதுடையோர்க்கு எக்சிமா மிகுதியாக வருதல் தெரிந்தது. தோலை மதிலாகக் கொள்வோம். கல்லுக்குக் கல் இடையிலே சாந்து குறைந்தால் உள்ளேயுள்ள ஈரம் வெளியேறும். வெளியேயுள்ள தூசும் சவர்க்காரமும் கிருமியும் உள்ளே நுழையும். அவற்றைக் கண்டு உடம்பின் காவற்படை மிகையாகச் சினந்து எழுகின்றது. சிவப்பும் அரிப்பும் கசிவும் அதன் விளைவு. எக்சிமா உடையோர் எல்லோரிடத்தும் இம்மரபணுப் பழுது இல்லை. ஆயினும் மதிலின் குறை பொதுவாக உண்டு. அவ்வாறாயின், வெளியே வருவது கொதிக்கும் தீயநீர் அன்று. தோலுக்கு வேண்டிய நல்ல ஈரமே. பழம்பெயர் திசையைச் சரியாகச் சொல்லிற்று. போவது யாதென்பதிலேதான் தவறிற்று. உள்ளே ஒரு கொந்தளிப்பு உண்டென்பதும் பொய்யன்று. காவற்படையின் அக்கொந்தளிப்பைத் தணிக்கும் டுபிலுமப் என்னும் ஊசி மருந்து 2017இல் அமெரிக்காவிலே பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டது.

ஈரம் போகின்றது என்று கண்டால், செய்ய வேண்டுவதும் மாறுகின்றது. அடைத்தல் ஆபத்து என்பது போய், அடைத்தலே மருந்து என்றாகின்றது. அதிகச் சூடில்லாத நீரிலே சிறிது நேரம் குளிப்பாட்டி, தோல் ஈரமாயிருக்கும்போதே பசைத்தன்மையுள்ள களிம்பைத் தாராளமாகப் பூசுதல் இன்று எல்லா மருத்துவரும் முதலிற் கூறும் முறை. தோல் சிவந்து பொங்கும் காலத்தில், 1952இல் சல்ஸ்பேகரும் விற்றனும் பயன்காட்டிய ஹைட்ரோகோர்ட்டிசோன் வகைக் களிம்புகளை மருத்துவர் எழுதிக்கொடுப்பர். அவர் சொன்ன அளவும் நாளும் தவறாது பூசுதல் வேண்டும். பக்கத்து வீட்டார் தந்த குப்பியை மாதக்கணக்கிற் பூசுதலும், அஞ்சி ஒரு நாளோடு விடுதலும் இரண்டுமே தீது.

உணவு பற்றி ஒரு வார்த்தை. நம் முன்னோர் இந்நோயைக் ‘கரப்பான்’ என்றனர். அடுக்களையில் ஓடும் பூச்சிக்கும் அதே பெயர். கத்தரிக்காய், நண்டு, இறால் முதலியவற்றைக் கிரந்தி என்றும் கரப்பான் பண்டம் என்றும் விலக்குவது நம் வழக்கம். சிறு பிள்ளைகள் சிலருக்கு முட்டை, பால் முதலியன ஒவ்வாதிருப்பது உண்மையே; அதனைச் சோதித்தறிய வழியுண்டு. சோதியாது ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, கடைசியிலே சோறும் உப்புமாகப் பிள்ளையை நிறுத்திய வீடுகளை நாம் கண்டிருக்கின்றோம். தோலில் நோய் நீங்கவில்லை; எலும்பு மட்டும் தெரிந்தது.

இனி, தமிழில் எப்பெயரை வழங்குவது? ‘கரப்பான்’ பழையது, இனியது. ஆயினும் அது பல தோல் நோய்களையும் பண்டங்களையும் தன்னோடு இழுத்துவருகின்றது. ‘தோலழற்சி’ என மருத்துவ நூல்கள் எழுதுகின்றன. ‘டெர்மற்றைற்றிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நேராக ஆக்கிய தொடர் அது. அக்கிரேக்கச் சொல்லின் ‘ஐற்றிஸ்’ என்னும் ஈற்றுக்கு முதலில் ‘சார்ந்தது’ என்பதற்குமேற் பொருளில்லை. தோலைச் சார்ந்த நோய் என்பதோடு அது நின்றது. தமிழாக்கியோரோ ‘அழல்’ என்னும் சொல்லை அதிற் சேர்த்துவிட்டனர். கிரேக்கர் அணைத்துவைத்த அடுப்பைத் தமிழர் மீண்டும் மூட்டிவிட்டனர்! ஆதலின், மாணவர்க்கும் தாய்மார்க்கும் எழுதுமிடத்து ‘எக்சிமா’ என்றே எழுதி, பக்கத்தில் ‘ஒட்டாத நோய்’ என்று சேர்த்தல் போதுமானது என்பது எமது கருத்து. எச்சிலை அதனோடு கூட்ட வேண்டியதில்லை.